யாரும் பார்க்காத நாலரை மணி நேரம்: பாலக்கோடு பக்கத்துப் பட்டுப்பூச்சி வீடு ஒன்றில் டிவி

வீடு

தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டை ஒட்டிய ஒரு கிராமம். தளம் போட்ட வீடு: ஒரு கூடம், ஓர் உள்ளறை, சமையலறை. இருபதடி தள்ளிப் பட்டுப்புழு வளர்ப்பு மனை, அதற்கு அப்பால் ஒரு ஏக்கர் மல்பெரி. ஆறு பேர் இருக்கிறார்கள். தாத்தாவுக்கு 68 வயது, காது மந்தம். ஆயாவுக்கு 62, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகன் டாட்டா ஏஸ் ஓட்டுகிறார். விடியற்காலை 4 மணிக்குத் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனால் 10 மணிக்குத் திரும்புவார். சமையலும் புழு மனையும் மருமகள் பொறுப்பு. பையன் எட்டாம் வகுப்பு. சின்னப் பெண்ணுக்கு இரண்டே முக்கால் வயது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது ஒரே வீட்டின் கதை அல்ல. இந்தப் பக்கத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கும் குடும்பங்களில் வழக்கமாகக் காண்பவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து எழுதியது. வீட்டுக் கணக்காக வரும் எண்கள் வழிமுறையை விளக்குவதற்கானவை. வெளி ஆய்வுகளின் எண்கள் மட்டும் அந்தந்த ஆய்வில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

என்ன புகார்

அங்கன்வாடியில் சேர்த்த இரண்டாம் வாரம் டீச்சர் கவனித்தது இது: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சோப்பு விளம்பரப் பாட்டு எங்கேயாவது கேட்டால் உடனே திரும்புகிறது. இருபது சொல் பேசும். இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாது. "சோறு வேணும்", "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதை இரண்டு வயதை ஒட்டி எதிர்பார்க்கலாம். இரண்டே முக்காலில் அது இல்லையென்றால் காத்திருக்கக் கூடாது.

இது தவிர வீட்டில் இன்னும் இரண்டு குறை. பையன் பள்ளியில் முதல் பீரியடிலேயே தூங்குகிறான். போன இரண்டு வளர்ப்பிலும் ஐந்தாம் பருவத்தில், அதாவது கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வளர்ச்சி நிலையில், புழு ஒன்றுபோல் வளரவில்லை. பாதி பழுத்துக் கூடு கட்டத் தலையைத் தூக்கும்போது மீதி இன்னும் தழை தின்றுகொண்டிருக்கிறது. மூன்றுக்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தாத்தா மருமகளின் சீரியலைச் சொன்னார், மருமகள் பையனின் போனைச் சொன்னார், மகன் கேபிளையே சொன்னார்.

பேச்சு வராத பிள்ளைக்கு டிவிதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டுவது பெரிய தப்பு. முதலில் காது. தொடர்ந்து சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் பாதிதான் கேட்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, சத்தமான விளம்பரத்துக்கு மட்டும் திரும்புவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அங்கன்வாடி வழியாகவோ கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகவோ மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதி வாங்கிப் போனால் செவித்திறன் சோதனை, பேச்சுப் பயிற்சி இரண்டும் அங்கேயே கிடைக்கும். இந்தப் பிள்ளைக்குக் காதில் பழுதில்லை என்று தெரிந்த பிறகுதான் டிவி கணக்குக்கு வந்தார்கள்.

பதிவேடு

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறீங்க?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "ரெண்டு மணி நேரம்" என்பார்கள். பொய் இல்லை. தான் உட்கார்ந்து பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள். பெட்டி ஓடுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு.

ஒரு 40 பக்க நோட்டு போதும். காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை அரை மணிக்கு ஒரு வரி, மொத்தம் 36 வரி. ஐந்து கட்டம்: பெட்டி ஓடியதா, கூடத்தில் யார் யார், யார் கண் பெட்டி மேல், அப்போது கூடத்தில் வேறென்ன வேலை நடந்தது, சத்தம் எந்த எண்ணில். நோட்டை டிவிக்குக் கீழே கயிற்றில் பென்சிலோடு தொங்கவிட வேண்டும். அந்த நேரத்தில் யார் கூடத்தைக் கடக்கிறாரோ அவர் எழுதலாம். பையன் ஒருவனிடம் மட்டும் விட்டால் தன் கார்ட்டூனை மறந்துவிடுவான், ஆயாவின் சீரியலை நிமிடம் பிசகாமல் எழுதுவான்.

இரவில் உட்கார்ந்து நாள் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்பினால் காலை நேரம் விட்டுப்போகும். கெடுதல் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். இன்னொன்று: முதல் இரண்டு நாள் எல்லாரும் நல்ல பிள்ளையாக இருப்பார்கள். ஒன்பது நாள் எழுதி, முதல் இரண்டு நாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதி ஏழை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு ஞாயிறு கட்டாயம் வர வேண்டும்.

கண்டது

பெட்டி ஓடியது நாளுக்குப் பத்து மணி நேரம். காலை 6 முதல் 8.30 வரை பக்திப் பாட்டு, ராசிபலன், செய்தி. மதியம் 12.30 முதல் 3.30 வரை மறுஒளிபரப்புச் சீரியல், பழைய படம். மாலை 6 முதல் 10.30 வரை தொடர்கள்.

ஒரு ஜோடிக் கண்ணாவது பெட்டி மேல் இருந்தது ஐந்தரை மணி நேரம்தான். காலையில் அரை மணி, மதியம் ஒன்றரை, மாலையில் மூன்றரை. மீதி நாலரை மணி நேரம் பெட்டி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. காலையில் இரண்டு மணி நேரம் கூடத்தில் பெண் குழந்தை மட்டும் விளையாடிக்கொண்டிருக்கும். மருமகள் புழு மனையில், ஆயா அடுப்படியில், தாத்தா திண்ணையில். தாத்தாவுக்குத் திண்ணை வரை செய்தி கேட்க வேண்டுமே, அதனால் சத்தம் 38-ல்.

டிவியைப் பற்றிய சண்டைகள் எல்லாம் அந்த ஐந்தரை மணி நேரத்தைப் பற்றியே நடக்கின்றன. யாரும் விரும்பிப் பார்க்காத, அணைத்தால் யாரும் கேட்காத நாலரை மணி நேரத்தை யாரும் தொடுவதில்லை. குழந்தையின் பேச்சுக்கு அதுதான் பகை.

காரணம் எளியது. பெட்டியின் சத்தம் ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது. கவனக்குறைவு என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டகிஸ் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 329 குழந்தைகளின் உடையில் சிறு பதிவுக் கருவியை வைத்துக் கணக்கெடுத்தார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்தன. இந்த எண்ணைப் பத்தால் பெருக்கி அஞ்ச வேண்டாம். அது அந்த ஊர் வீடுகளின் சராசரி, இரண்டும் சேர்ந்து நடப்பதைக் காட்டுகிறதே தவிர ஒன்றால்தான் மற்றது என்று நிரூபிக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னதும், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏறக்குறைய அதையே சொன்னதும் இதனால்தான்.

பையனின் கணக்கு வேறு மாதிரி. அவன் படிப்பதும் படுப்பதும் கூடத்தில். பெட்டி 10.30-க்கு அணைந்தால்தான் பாய் விரிக்க முடியும். பாய் விரித்துக் கண்ணயர 10.45, எழுப்புவது 5.45. ஏழு மணி நேரம். பதின்மூன்று வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். அவன் சீரியல் பார்ப்பதே இல்லை, ஆனால் தூங்கும் நேரத்தைச் சீரியல் முடிவு செய்கிறது. 3.30-க்கு எழ வேண்டிய தகப்பன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் 38-ல் வைத்த சத்தம் கதவைத் தாண்டிப் போகும். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதை எந்த டிவிக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

புழு மனை

150 முட்டைத் தொகுதி (ஒரு தாய்ப்பூச்சி இடும் முட்டை மொத்தமும் ஒரு தொகுதி) என்று எடுத்தால் சுமார் 75,000 புழு. மொத்தத் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்தாம் பருவத்து ஏழெட்டு நாளில்தான் தின்னும். ஒரு நாளைய தீனிகளில் கனமாக இருக்க வேண்டியது இரவுத் தீனி, விடியும்வரை அதுதான் தாங்க வேண்டும். இந்த வீட்டில் அந்தத் தீனி ஒரு நாள் சீரியலுக்கு முன்னால் 6 மணிக்கு, ஒரு நாள் சீரியல் முடிந்து 10.45-க்கு. 6 மணிக்குப் போட்ட தழை நடு இரவுக்குள் தீர்ந்துவிடும் அல்லது வாடிவிடும். ஓரத்துப் புழு விடியும்வரை பட்டினி. 10.45-க்குப் போடும் நாளில் தூக்கக் கலக்கத்தில் தட்டுக்குத் தட்டு அளவு மாறும். ஒன்றுபோல் தின்னாத புழு ஒன்றுபோல் பழுக்காது. பழுத்த புழுவை நேரத்தில் பொறுக்கி, கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விடாவிட்டால் தழை மேலேயே நூலைக் கக்கி வீணாக்கும், கூட்டின் எடை குறையும்.

பழியை முழுக்கப் பெட்டி மேல் போடவும் கூடாது. மனையில் வெப்பம் 24 முதல் 26 டிகிரியைத் தாண்டிப் போவதும், முற்றிய தழையும் இளந்தழையும் கலந்து போடுவதும், இளம்புழு வாங்கிய இடத்திலேயே தோலுரிப்பு முன்பின்னாக இருந்ததும் இதே குறையைக் கொடுக்கும். ஆனால் தீனி நேரத்தைச் சரிசெய்யக் காசு செலவில்லை. அதனால் அதை முதலில் பார்ப்பதுதான் புத்தி.

பெட்டி இருந்த இடம்

இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குலக் குழாய் டிவிக்காக ஐந்தரை அடி உயரத்தில் சிமெண்ட் பலகை போட்டார்கள். இப்போது அதே பலகையில் 32 அங்குல எல்இடி. தரையில் உட்கார்ந்து பார்ப்பவர் கழுத்தை அண்ணாந்தே இருக்க வேண்டும். ஆயாவின் பிடரி வலிக்கு அது போதும். சமையலறைக் கதவு நேர் எதிரே என்பதால் அடுப்படியில் நிற்பவருக்கும் திரை தெரியும். அதனால் "பார்க்கலை, சும்மா ஓடுது" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை அணைக்காமல் விடுவது எளிது. வீட்டில் கூடம் ஒன்றுதான். சாப்பாடு, படிப்பு, படுக்கை, விருந்தாளி எல்லாம் பெட்டிக்கு முன்னால். ரிமோட் ஆயாவின் பாய்க்கடியில்.

சுவிட்ச் பலகைக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில். அதனால் டிவியை ரிமோட்டில் மட்டும் அணைப்பார்கள், செட்டாப் பாக்ஸ் எந்நேரமும் சூடாகவே இருக்கும். 50 வாட் டிவி பத்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 10 வாட் பாக்ஸ் ஓயாமல் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்ன வீட்டில் இது பில்லில் தெரியாது. தெரியாததாலேயே பழகிப்போனது.

செய்தது

ஒரு வருடத்துக்கு முன்னால் மகன் கோபத்தில் கேபிளைப் பிடுங்கியிருக்கிறார். இரண்டு வாரம் தாங்கியது. ஆயா பக்கத்து வீட்டுக்குப் போய் 10 மணி வரை உட்கார்ந்தார், பையன் போனுக்குப் போனான், மருமகள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் வாரம் கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார். இந்த அனுபவம் இருந்ததால் இந்த முறை இரவுச் சீரியலில் முதலில் கை வைக்கவில்லை.

முதல் வாரம் யாரும் பார்க்காத நேரத்தை மட்டும் எடுத்தார்கள். டிவி, பாக்ஸ் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டி, சுவிட்சை வாசற்படிக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியாகக் கூடத்தைவிட்டுப் போகிறவர் தட்டிவிட்டுப் போக வேண்டும். பாக்ஸ் மறுபடி உயிர்பெற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்தத் தாமதம் ஓர் அனுகூலம்: "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ரிமோட்டுக்குச் சுவரில் ஓர் ஆணி.

அடுத்தது தாத்தாவின் காது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அவருக்கு அவமானமாகிவிடுகிறது, "எனக்குக் கேக்காதுன்னு சொல்றீங்களா" என்று சண்டை. காதில் குறும்பி அடைத்திருப்பது இந்த வயதில் சாதாரணம், அரசு மருத்துவமனைக் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் மந்தமாக இருந்ததால் ஒரு சின்ன ஸ்பீக்கர். டிவிக்கு எச்டிஎம்ஐ ஒயரில் படம் போனாலும், பெரும்பாலான செட்டாப் பாக்ஸ்களில் பின்னாலுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளில் சத்தம் தனியாக வரும். அதிலிருந்து ஒயர் இழுத்து அவர் கட்டில் தலைமாட்டில் ஸ்பீக்கரை வைத்தால் அவருக்கு மட்டும் கேட்கும். டிவிச் சத்தம் 14-ல் நின்றது. ஹெட்போன் வாங்கிக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. மந்தக் காதுக்காரர் அதை உச்சத்தில் வைத்துக் கேட்டு மீதிக் காதையும் கெடுத்துக்கொள்வார், வேண்டாம்.

பெட்டியைப் பலகையிலிருந்து இறக்கி, சமையலறைக் கதவுக்குத் தெரியாத சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வைத்தார்கள். ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்தால் கழுத்து நேராக இருக்கும். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. தாழ்வாக வைத்த எல்இடியைக் குழந்தை பிடித்து இழுத்தால் மேலே சாயும். எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்கி, தொங்கும் ஒயரைப் பின்னால் கட்டிய பிறகுதான் ஓட்ட வேண்டும். உள்ளறைக்கு மாற்றலாம் என்ற யோசனையைக் கைவிட்டார்கள். படுக்கிற அறையில் பெட்டி வந்தால் அணைக்கும் நேரம் இன்னும் தள்ளிப்போகும். அதற்குப் பதில் பையனின் மேசை உள்ளறைக்குப் போனது. புழு மனைத் தாழ்வாரம் காற்றோட்டமாக இருந்தாலும் அங்கே படிக்க வைக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் கூடினால் புழுவுக்கு நோய் தொற்றும்.

மூன்றாம் வாரம்தான் இரவு. ஆளுக்கு இரண்டு சீரியல் என்று பேசி, ஆயாவும் மருமகளும் பொதுவாகப் பார்ப்பதை அடுத்தடுத்து வரும்படி தேர்ந்து, 7 முதல் 9.30 வரை என்று முடிவானது. 9.30-க்கு டிவியின் ஆஃப் டைமர் தானாக அணைக்கும். அணைப்பது மாமனாரோ புருஷனோ என்றால் சண்டை. இயந்திரத்தோடு யார் சண்டை போடுவது? விட்டுப்போன சீரியல் மறுநாள் மதியம் மறுஒளிபரப்பில் வருகிறது. 9.45-க்குப் போன் அலாரம், புழுவுக்கு இரவுத் தீனி. அதற்கு முன்பே மாலையில் வெட்டிய தழையை ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார்கள்.

குழந்தைக்குச் செய்தது விளையாட்டுப்போல் தெரியும், ஆனால் கடினமானது இதுதான். சாப்பாட்டு நேரத்தில் பெட்டி கிடையாது. டிவியைக் காட்டி ஊட்டினால் வாய் தானாகத் திறக்கும், களி உள்ளே போகும், ஆனால் வயிறு நிறைந்தது பிள்ளைக்கே தெரியாது. முதல் நான்கு நாள் பாதித் தட்டு மிஞ்சியது, ஆயா கலங்கிப்போனார். ஐந்தாம் நாளிலிருந்து சரியானது. பசிக்கும் பிள்ளை தின்னும் என்று நம்புவதற்கு அந்த நான்கு நாள் தேவை. காலையில் மருமகள் தழை வெட்டும்போது பிள்ளையையும் கூட உட்காரவைத்து, கையில் எடுத்ததன் பேரைச் சொல்வது: தழை, கூடை, அருவா, புழு. பேரைச் சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும், பிள்ளை வாயைத் திறக்க நேரம் கொடுக்க. பெட்டி அப்படிப் பொறுப்பதில்லை, வித்தியாசம் அங்கேதான். நாளுக்கு இருபது நிமிடம்.

ஆயாவின் சர்க்கரைக்காக ஒரு சின்ன ஏற்பாடு. அமெரிக்கச் செவிலியர்களை ஆறு ஆண்டு கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், டிவி முன் உட்காரும் நேரம் நாளுக்கு இரண்டு மணி கூடக்கூடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. நோய் வந்த பிறகு அந்த எண் பொருந்தாது, ஆனால் சாப்பிட்டதும் அசையாமல் உட்காருவது சர்க்கரையை ஏற்றும் என்பது பொருந்தும். விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அந்த இடைவேளைகளில் எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பது என்று வைத்துக்கொண்டார். கதைக்கும் நஷ்டமில்லை.

சறுக்கியது

பதிவேட்டில் போனுக்குக் கட்டம் இல்லை. இரண்டாம் மாதம் பெட்டி குறைந்ததைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்திருக்க, பையன் போர்வைக்குள் போனில் குட்டி வீடியோ ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். நாளுக்கு ஒன்றரை ஜிபி தீர்ந்துபோவதைத் தகப்பன் கவனித்த பிறகுதான் தெரிந்தது. டிவியைக் குறைத்தால் அந்த நேரம் போனுக்குத் தாவும். ஆறாவது கட்டம் ஒன்றைப் போட்டு, இரவு 9.30-க்கு எல்லாப் போனும் சமையலறை அலமாரியில் சார்ஜுக்குப் போக வேண்டும் என்று வைத்தார்கள். தகப்பன் போன் உட்பட. அவர் வைக்காத நாளில் பையனும் வைக்கவில்லை.

விருந்தாளி வந்தால் டிவி போடுவது மரியாதை என்றாகிவிட்டது. வந்தவரும் பார்ப்பதில்லை, வீட்டாரும் பார்ப்பதில்லை, பேச்சு நின்றால் கண்ணை வைக்க ஓர் இடம். இதற்கு ஏற்பாடு எதுவும் செய்ய முடியவில்லை.

ஒன்று வியப்பாக இருந்தது. தெருவில் ஒரு சாவு விழுந்தபோது, எடுக்கும்வரை ஒரு வீட்டிலும் பெட்டி ஓடவில்லை. யாரும் சொல்லவில்லை. அணைக்க முடியாது என்று சொன்ன ஆயாவே முதலில் அணைத்தார். பழக்கத்தை விலக்கும் வழக்கம் ஊருக்குத் தெரியாதது அல்ல.

தெருவில்

சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியது. அதற்கப்புறம் பல ஆண்டு கிராமத்தில் டிவி என்றால் பஞ்சாயத்து டிவி அறை, இல்லையென்றால் வசதியான ஒரு வீட்டின் ஜன்னல். பார்ப்பது கூட்டமாக, பார்த்து முடித்தால் பேசுவதும் கூட்டமாக. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததும் பெட்டியை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தன. அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று விரட்டு வாங்கிய பிள்ளைகளின் மானத்தை அந்தப் பெட்டி காப்பாற்றியது என்பதை மறக்கக் கூடாது. கூடவே திண்ணையும் காலியானது.

மகளிர் குழுக் கூட்டம் இப்போது ஆறரைக்குள் முடிந்தாக வேண்டும். கடன் தவணை வசூலாகிவிடும், ஒருவர் பிரச்சினையை ஒருவர் கேட்கும் பகுதிதான் முதலில் விழுகிறது. திரௌபதி அம்மன் கோயில் மகாபாரதத் திருவிழாவில் இரவுக் கூத்துக்கு இன்றும் ஆள் சேருகிறது, அது பெட்டி ஓய்ந்த பிறகு தொடங்குவது. பிற்பகல் பாரதப் பிரசங்கம்தான் மதியச் சீரியலோடு மோதுகிறது.

சீரியல் பெண்களைக் கெடுக்கிறது என்பவர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டிய ஆய்வு உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2009-ல் வெளியிட்டது. தமிழ்நாடு, பீகார், கோவா, ஹரியானா, டெல்லி ஆகிய ஐந்து இடங்களில் 2001 முதல் 2003 வரை, புதிதாகக் கேபிள் வந்த கிராமங்களை வராத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த இடத்தில், புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பது குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டத்தில் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஆய்வு பேசுவது வெளி உலகமே தெரியாத ஊருக்கு முதன்முதலில் ஒரு ஜன்னல் திறந்ததைப் பற்றி. இருபது ஆண்டாக மூடாமலே திறந்து கிடக்கும் ஜன்னலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மறுபக்கம், குற்றச் செய்திகளை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் உலகம் இருப்பதைவிட மோசமானது என்று நம்பத் தொடங்குவதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கெர்ப்னர் நெடுங்காலம் ஆராய்ந்தார். அதன் உள்ளூர் வடிவம்: பகலெல்லாம் செய்திச் சேனல் ஓடும் வீட்டில் பேத்தியை டியூஷனுக்கு அனுப்ப மாட்டேன் என்னும் தாத்தா. படிப்பை நிறுத்திச் சீக்கிரம் கல்யாணம் செய்துவிடும் வழக்கம் இன்னும் ஓயாத இந்த மாவட்டத்தில், அந்தப் பயம் வீட்டோடு நிற்பதில்லை.

ஒரு நிகழ்ச்சியே தவறு என்று தோன்றினால் வீட்டில் திட்டுவதோடு விட வேண்டியதில்லை. 2021-ல் திருத்திய கேபிள் விதிகளின்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 15 நாளில் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. திருப்தியில்லை என்றால் ஒளிபரப்பாளர்களின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு, அதற்கும் மேல் ஒன்றிய அரசுக்கு. சேனல் பெயர், தேதி, நேரம், எந்தக் காட்சி என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். "ரொம்ப மோசம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது.

எட்டாம் வாரமும் அதற்கப்புறமும்

மறுபடி ஏழு நாள் பதிவேடு. பெட்டி ஓடியது நாலே முக்கால் மணி நேரம், யாரும் பார்க்காதது முக்கால் மணி. பையன் 9.45-க்குப் படுக்கிறான். அந்த வளர்ப்பில் புழு ஒன்றரை நாளுக்குள் பழுத்து முடிந்தது, பொறுக்க வெளியாள் கூப்பிடவில்லை. தழையும் அந்த முறை நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிள்ளை "புழு தின்னுது" என்றது. பேச்சுப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டு மாத வயதும் கூடியிருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆயாவின் சர்க்கரையில் பெரிய மாற்றமில்லை.

ஏப்ரலில் பள்ளி விடுமுறையும் ஐபிஎல்லும் சேர்ந்து வந்தன. பார்க்காத நேரம் மறுபடி இரண்டு மணிக்கு ஏறியது. மேட்ச் முடிந்த பிறகும் அலசல் ஓடும், பார்த்தவன் தூங்கியிருப்பான். ஆஃப் டைமரை மேட்ச் நாளுக்கு 11.30-க்கு மாற்றி வைத்தவர்கள் மற்ற நாளுக்குத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள். நோட்டில் மூன்று வரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மதியம் 1.30 முதல் 3 வரை உள்ள வரிகளில் மட்டும் எப்போதும்போல் "ஆயா" என்றே இருக்கிறது. மகன் தூங்குகிறார், மருமகள் மனையில், பிள்ளையும் தூங்குகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை.